விண்டோஸ் 10 முடிகிறது, 11 ஏறவில்லை: லினக்ஸ் போட்டால் செலவு மிச்சமா?

கேள்வி – 11 அக்டோபர் 2025

சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் உற்பத்தி செய்கிறோம். அலுவலகத்தில் நான்கு கணினிகள், நான்கும் ஈரோட்டில் செகண்ட்ஸில் வாங்கியவை. வருகிற 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிடும் என்றும், எங்கள் கணினிகளில் விண்டோஸ் 11 ஏறாது என்றும் சர்வீஸ் செய்பவர் சொல்கிறார். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம் இலவசம் என்று கேள்விப்பட்டேன். அதைப் போட்டுவிட்டால் செலவில்லாமல் வேலை முடிந்துவிடுமா?

12 அக்டோபர் 2025

முடிந்துவிடாது. அந்த நான்கு கணினிகளில் இப்போது ஓடுகிற விண்டோஸுக்கு இதுவரை தனியாக எவ்வளவு கொடுத்தீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள். கோவை கணபதியில் 2004 முதல் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். பம்ப்செட் உதிரிகளும் ஜவுளி இயந்திர உதிரிகளும் கடைந்து கொடுக்கிறோம். 2019 வரை இயங்குதளத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கொடுத்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். காந்திபுரத்தில் கணினி கோத்துக் கொடுத்தவர், பேனாவால் உரிம எண் எழுதிய ஒரு குறுந்தகட்டை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லா இயந்திரங்களுக்கும் அதையே போட்டுவந்தார். இயங்குதளம், எழுத்துருக்கள், வரைபட மென்பொருள், ரஜினி படம் இரண்டு என எல்லாம் ஒரே கூலியில் அடங்கிவிடும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து, லினக்ஸ் இலவசம் என்று சொன்னால் எவர் காதில் ஏறும்? இரண்டுமே சும்மா கிடைக்கும்போது பழகியதை விட்டுப் பழகாததற்குப் போக யாருக்கும் பைத்தியமில்லை. கட்டற்ற மென்பொருள் நம் பக்கத்தில் பரவாமல் போனதற்கு மைக்ரோசாஃப்டின் விளம்பரத்தைவிட அந்தத் திருட்டுக் குறுந்தகடே பெரிய காரணம் என்பது என் துணிபு. 1998-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே பேசிய பில் கேட்ஸ் சீனாவைப் பற்றி இதையேதான் சொன்னார்: திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதையே திருடட்டும், பழகிய பிறகு வசூலிக்கும் வழியைப் பின்னால் கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்பது அவர் பேச்சின் பொருள்.

14 அக்டோபர் 2025

கேட்ட கேள்விக்கு நேரான விடையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் வேண்டும்; செகண்ட்ஸ் கணினிகள் அங்கேயே விழுந்துவிடும். இன்றோடு அந்தக் கணினிகள் நின்றுவிடப் போவதில்லை, திருத்தங்கள்தான் நிற்கும். தனிநபர் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் தந்திருக்கிறது. நிறுவனங்களுக்கு அது வேறு கணக்கு, கட்டணம் உண்டு.

திருத்தம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே மாதம் வந்த வானாக்ரை என்ற தீநிரல் போதும். 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே கைவிடப்பட்ட எக்ஸ்பி பதிப்புக்குக்கூட அப்போது மைக்ரோசாஃப்ட் அவசரமாகத் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

15 அக்டோபர் 2025

‘கட்டற்ற’ என்றால் என்ன, அதுவும் இலவசம்தானே என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவின் கடைசியில் மோட்டார் காயில் கட்டுகிற ஒரு பெரியவர் இருக்கிறார். தோட்டத்திலிருந்து எந்தக் கம்பெனி மோட்டார் வந்தாலும் திறப்பார், எரிந்த காயிலை வெட்டி எடுத்துச் சுற்று எண்ணுவார், பழைய நோட்டில் குறித்துக்கொள்வார், புதிதாகக் கட்டிக் கொடுப்பார். கட்டும்போதே, கிணறு ஆழம் கூடியிருக்கிறதா, கரண்டு குறைவாக வருகிற லைனா என்று கேட்டுக் கம்பி கனத்தை மாற்றுவதும் உண்டு. “மோட்டாரக் கழட்டறதுக்கு ஆருகிட்டீங்க உத்தரவு கேக்கோணும்?” என்று என்னையே ஒருமுறை திருப்பிக் கேட்டார்.

அந்த மோட்டாரின் மூடி பற்றவைக்கப்பட்டிருந்து, திறந்தால் குற்றம் என்றும், சுற்றின் எண்ணிக்கை கம்பெனியின் ரகசியம் என்றும் இருந்திருந்தால் கோவையில் இத்தனை பட்டறைகள் முளைத்திருக்காது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மனின் கதையும் இதற்கு நெருக்கமானதே. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். முன்பிருந்த அச்சுப்பொறியின் நிரலை அவர் தம் கையாலேயே திருத்தி, பழுது ஏற்பட்டால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். புதியதற்கு மூல நிரல் தரப்படவில்லை. அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பதாகத் தெரிந்து நேரில் போய்க் கேட்டபோது, வெளியே கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். 1983 செப்டம்பரில் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்ததற்குப் பின்னால் இந்த ஆத்திரமும் இருந்தது. விலையைப் பற்றிய பேச்சே அங்கு எழவில்லை. தாள் சிக்கியதுதான் பிரச்சினை, சரிசெய்யத் தெரிந்தவன் கை கட்டப்பட்டதுதான் கோபம்.

விரும்பிய காரியத்துக்கு ஓட்டலாம், திறந்து பார்த்து மாற்றலாம், பிறருக்குப் பிரதி கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம் என்ற நான்கையும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை உரிமைகளாக வகுத்திருக்கிறது. அவற்றுக்கு 0 முதல் 3 வரை எண் கொடுத்திருப்பது நிரலாளர்களின் குசும்பு. அப்படிப்பட்ட மென்பொருளை விலைக்கு விற்பதற்கும் தடையில்லை.

இதற்கெல்லாம் முன்பே லினக்ஸ் தொடக்கம் முதல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வந்தது, அதனால்தான் வளர்ந்தது.

17 அக்டோபர் 2025

மேலே கடைசியாக உள்ள வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. குனு 1983, லினக்ஸ் 1991. ‘முன்பே’ என்பது அவசரத்தில் விழுந்த சொல். மேலும், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட முதல் பதிப்பின் உரிமம் அவரே எழுதியது. பணம் வாங்கிக்கொண்டு பிரதி கொடுக்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஜிபிஎல் உரிமத்துக்கு அவர் மாறியது 1992-இல்தான். காசு வாங்கக் கூடாது என்ற விதியைத் தளர்த்திய பிறகே அது வேகமாகப் பரவியது என்பதால், இலவசமும் கட்டற்றதும் ஒன்று என்று எண்ணுபவர்களுக்கு என் பிழை நல்ல பாடமாகவே அமைந்துவிட்டது.

அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

23 அக்டோபர் 2025

தீபாவளி விடுமுறையில் மோட்டார் உவமையை மறுபடி யோசித்தேன், அது அரைகுறை. பெரியவர் ஒரு மோட்டாரைத் திறந்து காயில் கட்டினால் உலகில் இருக்கும் மோட்டார் ஒன்றாகவே இருக்கும். நிரலை ஒருவர் பிரதி எடுத்தால் இரண்டாகிவிடும், எழுதியவனுக்கு விற்கவேண்டிய ஒன்று குறையும். 1976 பிப்ரவரியில் இருபது வயது பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தின் சாரம் இதுதான்: ஆல்டேர் கணினிக்கான பேசிக் நிரலை எழுத நாங்கள் உழைத்தோம், உங்களில் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் பிரதி எடுத்திருக்கிறீர்கள், இப்படி இருந்தால் நல்ல நிரல் எழுத யார் முன்வருவார்கள்?

அந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நானும் அதே கோபத்தை அனுபவித்திருக்கிறேன். இம்பெல்லரைப் பிடித்துக் கடைவதற்கு நான்கு மாதம் மண்டையை உடைத்து ஒரு ஜிக் செய்தேன். எங்களிடம் வேலை பார்த்த பையன் அதன் வரைபடத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்த் தனியாகப் பட்டறை போட்டான். இரண்டு ஆண்டுகள் அவனிடம் பேசவில்லை. ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது, “நீங்க கத்துக்குடுத்ததுதானுங்க அண்ணா” என்றான். அதற்கும் எனக்குப் பதில் இல்லை.

அவன் அந்த ஜிக்கில் ஒரு நல்ல மாற்றம் செய்திருந்தான் என்பதைப் பிறகு அறிந்தேன். பிடிமானத்தை மேலிருந்து பக்கவாட்டுக்கு மாற்றியிருந்தான். அதை என்னிடம் காட்டவில்லை. ஜிபிஎல் என்பது இந்த இடத்தில் வைத்த நிபந்தனை: என்னிடமிருந்து எடுத்துக்கொள், மாற்று, விற்கவும் செய், ஆனால் மாற்றியதை யாருக்குக் கொடுக்கிறாயோ அவருக்கு அதன் வரைபடத்தையும் அதே நிபந்தனையோடு கொடு. ‘எல்லாம் எல்லோருக்கும்’ என்ற தாராளம் என்று அதை நான் பல ஆண்டுகள் தவறாக எண்ணியிருந்தேன். அது பதிப்புரிமைச் சட்டத்தின் மேலேயே நிற்கிற, மிகவும் கறாரான ஒப்பந்தம்.

2 நவம்பர் 2025

லினக்ஸில் ஓடும் எங்கள் மில்லிங் மெஷினைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். செகண்ட்ஸில் எடுத்த இயந்திரம்; அதன் கட்டுப்பாடு ஒரு சாதாரணக் கணினியில், எக்ஸ்பி மீது, தயாரித்த நிறுவனத்தின் நிரலும் டாங்கிள் என்ற உரிமப் பூட்டும் சேர்ந்தால்தான் ஓடும். 2021-இல் இடி விழுந்த ஒரு மாலையில் மதர்போர்டும் டாங்கிளும் சேர்ந்து போயின. பால் ஸ்க்ரூ, கைடுவே, சர்வோ மோட்டார் எதிலும் பழுதில்லை. அந்த மாடலை நிறுத்திவிட்டோம், புதிய கண்ட்ரோலர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தயாரிப்பாளர் சொன்ன விலை, நாங்கள் இயந்திரத்துக்கே கொடுத்ததில் பாதிக்கும் மேல். மூன்று டன் இரும்பு, ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டுக்காகப் படுத்துக் கிடந்தது.

பாலிடெக்னிக் முடித்து எங்களிடம் சேர்ந்திருந்த தம்பி ஒருவன்தான் இயந்திரங்களை ஓட்டுகிற லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற நிரலின் பெயரைச் சொன்னான். நான் நம்பவில்லை. ஏழு வாரம் ஆயிற்று. கடினமான பகுதி, கணினி சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி மோட்டாரை நகர்த்தும் மின்துடிப்பை அனுப்புமா என்பது. சாதாரண இயங்குதளம் நமக்குத் தெரியாமல் நடுவே பத்து வேலை பார்க்கும். எழுதுவதற்கும் படம் பார்ப்பதற்கும் அது உறைக்காது, கட்டர் ஓடும்போது துடிப்பு தாமதித்தால் பொருள் பாழாகும். அதனால் குறித்த நேரம் தவறாத நிகழ்நேரக் கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) வேண்டும், கூடவே இயந்திரம் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கிற சோதனையும் உண்டு. முதல் கணினியில் 200 மைக்ரோநொடிவரை எகிறியது. பயாஸில் மின்சேமிப்பு வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தும் இறங்கவில்லை. பிரிண்டர் போர்ட் உள்ள வேறொரு பழைய கணினியை உக்கடத்தில் தேடிப் பிடித்து வந்து பார்த்தபோது 15-க்குள் நின்றது. அது பில் போடுகிறவர் கூட வேண்டாமென்று தள்ளக்கூடிய கணினி.

அதன் அமைப்பு முழுவதும் வெறும் எழுத்துக் கோப்புகளில் இருக்கிறது. எந்த அச்சு எவ்வளவு தூரம் போகலாம், எந்தச் சுவிட்ச் எந்தக் கம்பியில் என்பதைத் திறந்து படிக்கலாம். தம்பி அவற்றை அச்சடித்து, மின்சாரப் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்திருக்கிறான். இந்த நிகழ்நேர வசதி ஏறத்தாழ 20 ஆண்டுகள் தனியாகச் சேர்த்துக்கொள்ளவேண்டிய திருத்தமாகவே இருந்துவிட்டு, 2024-இல் 6.12 பதிப்பில்தான் முழுமையாக லினக்ஸின் பொதுக் கெர்னலுக்குள் வந்தது.

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பெற்ற பிள்ளை இது என்று தம்பியிடம் அன்று பெருமையாகச் சொன்னேன்.

3 நவம்பர் 2025

அதுவும் தவறு. லினக்ஸ்சிஎன்சியின் தாய் வீடு அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி. 1990-களில் அங்கே செய்த கட்டுப்பாட்டு நிரல், அந்நாட்டு அரசுப் பணி என்பதால் எவருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாக வெளிவந்தது. தன்னார்வலர்கள் பின்னர் எடுத்து வளர்த்தார்கள். முன்பு இஎம்சி என்று பெயர். அதே பெயரில் இருந்த ஒரு பெரிய நிறுவனம் வணிகக்குறி குறித்து ஆட்சேபித்ததால் 2011-இல் பெயர் மாறியது. நிரலுக்கு உரிமையாளர் இல்லை, பெயருக்கு இருந்திருக்கிறார்.

16 நவம்பர் 2025

இனித் தோல்விகள். சென்னிமலைக்காரருக்கு இந்தப் பகுதிதான் உண்மையில் பயன்படும் என்பதால் நான்கு கணினிகளையும் என் அலுவலகத்தின் அனுபவத்தோடு ஒப்பிட்டு எழுதுகிறேன்.

கணக்குக் கணினியில் லினக்ஸ் போட்டோம், பதினோரு நாளில் எடுத்தோம். ஆடிட்டர் கேட்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே செய்யப்பட்டது, அதன் கோப்புகளை வேறொன்றில் திறக்க வழியில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுகிற வைன் வழியாக ஓட்டிப் பார்த்தோம். திறந்தது, பில் அச்சடிக்கும்போது கட்டங்கள் குலைந்தன. இ-வே பில் உலாவியில் போடுவதால் சிக்கலில்லை. டெண்டருக்கு வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன் ஒரு தளத்தில் ஏற்கப்பட்டது, இன்னொன்றில் எந்த அசைவும் இல்லை. கடைசி நாள் மாலை நாலரை மணிக்கு அதனோடு மல்லுக்கட்டிய பதற்றத்தை எதிரிக்கும் விரும்பமாட்டேன். அந்த ஒரு மேசைக்கு உரிமத்தோடு கூடிய விண்டோஸ் 11 கணினி ஒன்றை ரூ. 42,000 கொடுத்து வாங்கிவிட்டேன். கடிதம், விலைப்புள்ளி, மின்னஞ்சல், ஸ்டோர் இருப்பு பார்க்கிற மற்ற இரண்டிலும் லினக்ஸ் நன்றாக ஓடுகிறது.

ஆகவே நான்கும் மாறவேண்டியதில்லை. எதை மாற்ற முடியவில்லையோ அதைப் பற்றி ஒரு நோட்டில் காரணம் எழுதி வையுங்கள். என் நோட்டில் இயங்குதளத்தின் பெயர் எங்குமே இல்லை; ‘கோப்பு அவர்கள் வடிவத்தில்’ என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பழைய விலைப்புள்ளிகள் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததால் புதிய கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன என்பதும் இதே இனம். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாறச் சொல்லி 2010-லேயே தமிழ்நாடு அரசாணை வந்துவிட்டது, எங்கள் பட்டறைக்கு அது வந்துசேர 15 ஆண்டு ஆகியிருக்கிறது.

17 நவம்பர் 2025

ஸ்டோர் கணினியின் விசைப்பலகையில் ‘க’ விழவில்லை என்று லினக்ஸைத் திட்டி நேற்று இங்கே எழுதியிருந்ததை நீக்கிவிட்டேன். திறந்து பார்த்ததில் உள்ளே ஆயுதபூஜைப் பொரி இருந்தது. சந்தனமும் குங்குமமும் சிபியுவுக்கு வைக்கலாம், பொரியைத் தள்ளி வையுங்கள்.

30 நவம்பர் 2025

அரசு நினைத்தால் மாற்றலாமே என்ற கருத்துக்கு இது. வாளையாறு தாண்டினால் போதும். பாலக்காட்டில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் அத்தை பேத்திக்கு விண்டோஸ்தான் அந்நியம். கேரளத்தின் ஐடி அட் ஸ்கூல் திட்டமும், அதிலிருந்து 2017-இல் உருவான கைட் நிறுவனமும் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளிலேயே நடத்துகின்றன. ஸ்டால்மன் 2001-இல் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்ததும் திருவனந்தபுரத்தில்தான்.

நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஐஏஎஸ் அதிகாரி உமாசங்கர் பொறுப்பில் இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் சூசே என்ற லினக்ஸ் வகைக்கு மாறியது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைக் கிளையில், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் உருவானது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு அதுவும் சேர்ந்து வந்தது. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஐடிஐ பையன்கள் எட்டுப் பேரிடம் கேட்டிருக்கிறேன், ஒருவர்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று கடைக்காரர் அழித்துக் கொடுத்திருக்கிறார். பாலக்காட்டில் அதைக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கினார்கள், பாடப் புத்தகத்தில் வைத்தார்கள், தேர்வும் நடத்தினார்கள். இங்கே பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள்.

14 டிசம்பர் 2025

முதல் குறிப்பில் 2019 வரை என்று எழுதியதற்கு என்ன காரணம் என்று ஒருவர் விடாமல் கேட்கிறார். அந்த ஆண்டு ஒரு வரைபட மென்பொருள் நிறுவனத்தின் சார்பாக வழக்கறிஞர் கடிதம் வந்தது. எந்தக் கணினியில் எந்தத் தேதியில் உரிமமில்லாமல் ஓட்டினோம் என்பது அதில் துல்லியமாக இருந்தது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. பேசி முடித்துப் பணம் கட்டினேன். பழகவிட்டு வசூலிப்பது என்றால் என்ன என்பது அன்றைக்கு விளங்கியது.

இப்போது பாதி வேலை ஃப்ரீகேட் என்ற கட்டற்ற வரைபட மென்பொருளில் நடக்கிறது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில்தான் வந்தது. அதற்கு முன் ஒரு முகத்தை மாற்றினால் அதன்மேல் கட்டிய துளைகளெல்லாம் இடம் மாறி ஓடும், அந்தத் தலைவலி இப்போது பெரிதும் குறைந்திருக்கிறது. வாடிக்கையாளர்கள் ஆட்டோகேட் மென்பொருளின் டிடபிள்யுஜி வடிவத்தில் வரைபடம் அனுப்பும்போதுதான் திண்டாட்டம். அந்த வடிவத்தைப் படிக்கக் குனு திட்டத்திலேயே ஒரு நிரல் நூலகம் உண்டு. அதன் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. லிப்ரேகேட் என்ற இன்னொரு கட்டற்ற வரைபட மென்பொருளோ ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. இரண்டையும் ஒன்றுசேர்த்து வெளியிடச் சட்டம் இடம்கொடுக்கவில்லை. பூட்டை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் தங்களுக்குள் வரப்புத் தகராறில் நிற்பதைப் பார்க்கையில், கிணற்றுப் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போன எங்கள் பெரியப்பாக்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

18 ஜனவரி 2026

பொங்கல் கழித்து நேற்றுத்தான் பட்டறை திறந்தோம். மில்லிங் மெஷினில் டூல் மாற்றும்போது ஸ்பிண்டில் முழுவதும் நிற்பதற்கு முன்பே அடுத்த அசைவு தொடங்கிவிடுவதைத் தம்பி விடுமுறைக்கு முன் கவனித்து, அமைப்புக் கோப்பில் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தான். நான்கே வரிகள். நான்கு ஆண்டுகளில் எங்கள் கையால் அந்த நிரலில் எதையாவது மாற்றியது இதுவே முதல்முறை.

செய்தி எப்படிப் பரவியதோ, ஜிக் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போன அதே பையன் இன்று காலை வந்தான். அவனும் இதே போன்ற பழைய இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்துக்கொண்டிருக்கிறானாம். “அந்த ஃபைல மட்டும் குடுத்தீங்கன்னா பாத்துக்குவேனுங்கண்ணா” என்றான். இவ்வளவு எழுதிய பிறகும், பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேறு எதையெதையோ பேசினேன். பிறகு கொடுத்தேன், அவன் மாற்றுவதை எனக்கும் காட்டவேண்டும் என்று சொல்லியே கொடுத்தேன்.

மாலையில் தொலைபேசியில் அழைத்து, ஓடவில்லை என்றான். அவன் இயந்திரத்தில் ஸ்பிண்டில் நின்றதைச் சொல்கிற கம்பி வேறு முனையில் இருக்கிறது. நாளைக்குத் தம்பியை அனுப்புகிறேன்.